தைப்பவருக்கு எந்த இஸ்திரிப் பலகை?

4½ அங்குலச் சதுரமாக ஒன்பது துண்டுகளை வெட்டி, மூன்று மூன்றாகச் சேர்த்து, கால் அங்குலம் உள்ளே பிடித்துத் தைத்தால் வரும் கட்டம் 12½ அங்குலம் இருக்க வேண்டும். நான் முதன்முதலில் தைத்த பேட்ச்வொர்க் போர்வையில் அந்தக் கட்டம் ஒரு பக்கம் 12¼, எதிர்ப்பக்கம் 12¾ என்று நின்றது. வெட்டியதில் பிசகா, தையலில் பிசகா என்று இரண்டு நாள் அளந்து பார்த்தேன். இரண்டிலும் இல்லை. பிசகு நடந்த இடம் கட்டில். ஃபோம் மெத்தைமேல் ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் வைத்துத்தான் அத்தனை துண்டுகளையும் தேய்த்திருந்தேன். இஸ்திரிப் பெட்டியின் மூக்கு மெத்தைக்குள் அமுங்க, துணி அதற்கு முன்னால் அலை போல எழும்ப, நான் அதை இழுத்து இழுத்துச் சமன் செய்ய, துணி தன் இஷ்டத்துக்கு நீண்டுவிட்டது. போதாததற்கு ஜமக்காளத்தின் வரி வரியான நெசவு எல்லாத் துண்டுகளிலும் பதிந்திருந்தது. நீராவியில் அதன் சிவப்புச் சாயம் ஒரு வெள்ளைத் துண்டில் இறங்கியும் இருந்தது.

அதற்குப் பிறகு கோயம்புத்தூரில் இரண்டு வாடகை வீடுகள் மாறிவிட்டேன். தரை, மடக்குப் பலகை, கம்பளி ஃபெல்ட் விரிப்பு, சாப்பாட்டு மேசை என்று நான்கிலும் தேய்த்துப் பார்த்தாயிற்று. இப்போது யாராவது “தையல் மெஷின் வாங்கிவிட்டேன், இஸ்திரிக்கு எதை வாங்கலாம்?” என்று கேட்டால், முதலில் அவர்கள் எதைத் தைக்கப் போகிறார்கள் என்றுதான் திருப்பிக் கேட்கிறேன்.

சலவைத் துணியைத் தேய்ப்பதும் தையலுக்குத் தேய்ப்பதும் ஒரே வேலை அல்ல. சட்டையைத் தேய்க்கும்போது பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டுகிறோம். சுருக்கம் போனால் போதும். தையலில் பெட்டியை ஓட்டக் கூடாது. வைக்க வேண்டும், இரண்டு மூன்று விநாடி நிறுத்த வேண்டும், தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். பாவு, அதாவது நெசவின் நீளவாட்டு நூல், நேராக ஓடும் துண்டு ஓரளவு தாங்கிக்கொள்ளும். கிராஸாக, அதாவது நூல் ஓட்டத்துக்குச் சாய்வாக, வெட்டிய துண்டின்மேல் பெட்டியை ஒரு தடவை ஓட்டினாலும் அது ரப்பர் போல நீண்டுவிடும். ஒரு கட்டத்தில் எட்டில் ஒரு அங்குலம் பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. அப்படி எட்டுக் கட்டங்கள் சேர்ந்த வரிசையில் முழுதாக ஒரு அங்குலம் கூடிவிடும். பக்கத்து வரிசையோடு பொருத்தும்போது உட்கார்ந்து அழ வேண்டியதுதான்.

பெட்டியை வைத்து எடுக்கும் வேலைக்கு அடியில் இருப்பது கெட்டியாக இருக்க வேண்டும். ‘வசதியான’ இஸ்திரிப் பலகை என்றதும் மெத்தென்று இருப்பதுதான் நினைவுக்கு வருகிறது. கடைக்காரரும் விரலால் அமுக்கிக் காட்டி, “எவ்வளவு சாஃப்ட் பாருங்கள்” என்றுதான் விற்கிறார். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெரியவரிடம் ஒரு நாள் பலகையைக் காட்டச் சொன்னேன். மேலே பழைய வெள்ளை வேட்டி, அதன் கீழே கம்பளி, அதற்கும் கீழே சாக்கு, அடியில் ஒன்றரை அங்குல மரப் பலகை. மொத்த விரிப்பும் வருஷக்கணக்கில் அழுந்தி அட்டை போல ஆகியிருந்தது. “மெத்தென்று இருந்தால் பெட்டி மிதக்கும் கண்ணு, மடிப்பு நிற்காது” என்றார். அவருடைய கரிப் பெட்டி நம் வீட்டுப் பெட்டியைப் போலப் பல மடங்கு கனம். அந்தக் கனமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. நம் பெட்டி ஒரு கிலோ சொச்சம். கனத்தில் குறைவதை நீராவியால்தான் ஈடுகட்டுகிறோம். ஆகவே நமக்குப் பலகை கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது, அது ஈரத்தைக் குடிக்கவும் வேண்டும். கிரானைட் மேடைமேல் ஒரு துண்டை விரித்துத் தேய்த்துப் பாருங்கள், காரணம் புரியும். கல் சூட்டை உறிஞ்சிவிடும், ஆவி அதன்மேல் வியர்த்து நிற்கும், துணி நனைந்த அப்பளமாகக் கையில் வரும்.

இனி ஒவ்வொன்றாக.

தரையைப் பலரும் கேலி செய்வார்கள். நான் செய்ய மாட்டேன். 90 அங்குல நீளப் போர்வையின் மேல்துணியை முழுதாக விரித்துப் பார்க்க நம் வீடுகளில் தரையை விட்டால் வேறு இடம் கிடையாது. புடவைக்கும் அப்படித்தான். இரண்டு பருத்திப் போர்வைகளை மடித்துப் போட்டு, மேலே வெளுத்த வேட்டியை விரித்தால் கெட்டியான, ஈரம் குடிக்கும், வேண்டிய அளவு அகலமான பரப்பு செலவே இல்லாமல் கிடைத்துவிடுகிறது. முழங்காலும் இடுப்பும் மட்டும் ஒத்துழைக்க வேண்டும். போர்வைத் தையலில் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு தடவை பெட்டியை எடுக்க வேண்டும். மெஷினுக்கும் தரைக்குமாக ஒரு மாலையில் ஐம்பது அறுபது முறை எழுந்து உட்கார்ந்தால் மறுநாள் மாடிப்படி ஏற முடியாது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் சூடான பெட்டியும் தொங்கும் ஒயரும் தரையில் இருக்கவே கூடாது. எப்போதாவது ஒரு முறை என்றால் தரை. தினமும் தைப்பவருக்குத் தரை அல்ல. கட்டில், ஃபோம் மெத்தை ஆகியவை எப்போதாவதுகூட வேண்டாம். சூட்டை மறந்து பெட்டியைப் படுக்க வைத்துவிட்டுப் போனால் ஃபோம் உருகும், புகையும், தீப்பிடிக்கும்.

அடுத்தது, கடையில் எல்லோரும் காட்டும் மடக்குப் பலகை. ஒரு பக்கம் கூம்பாக ஒடுங்கிய அந்த உருவம் எதற்காக என்று பலர் யோசித்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் பெண்களுக்கு உடை தைத்துக்கொண்டிருந்த சாரா பூன் என்ற கருப்பினப் பெண், 1892 ஏப்ரலில் இஸ்திரிப் பலகை ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். பெண்களின் உடைக் கைகளையும் உடலோடு ஒட்டிய பாகங்களையும் மாட்டித் தேய்ப்பதற்காக ஒடுக்கமாகவும் வளைவாகவும் அதை அமைத்திருந்தார். தைத்து முடித்த உடையை மாட்டித் தேய்க்கப் பிறந்த உருவம் இது. பிளவுஸ், சட்டை, சுடிதார், குழந்தைகளின் கவுன் இவற்றுக்கு அதைவிட நல்ல உருவம் இன்றும் இல்லை. கூம்பு முனையில் தோளை மாட்டி, சுற்றிச் சுற்றித் தேய்த்துவிடலாம்.

தட்டையான துணிக்கு அதே கூம்புதான் எதிரி. கடையில் வாங்கும் பருத்தித் துணி பெரும்பாலும் 44 அங்குல அகலம். இரண்டாக மடித்தால் 22. மடக்குப் பலகையின் அகலம் 12 முதல் 15 அங்குலம். அதுவும் ஒரு பாதியில்தான். மீதித் துணி பலகைக்கு இரண்டு பக்கமும் தொங்கும். தொங்கும் துணியின் கனம் தேய்த்த பாகத்தை இழுக்கும். தேய்த்த வரைக்கும் மறுபடி சுருங்கும். வெட்டுவதற்கு முன் மூன்று மீட்டர் துணியை ஒடுங்கிய பலகைமேல் தேய்த்திருந்தால் நான் சொல்வது புரியும்.

இன்னொரு குறை மேலுறையில் இருக்கிறது. பலகையின் மேற்பரப்பு இரும்பு வலை. ஆவி கீழே இறங்கிப் போய்விடும் என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் விலை குறைந்த பலகைகளில் அந்த வலைக்கு மேல் மெல்லிய ஃபோம் ஒன்றும் வெள்ளி நிறத் துணி ஒன்றும்தான் இருக்கும். ஃபோம் சில மாதங்களில் சூட்டில் பொடிந்துவிடும். பிறகு வலையின் கட்டம் கட்டமான தடம் உங்கள் துணியில் பதியும். வெள்ளி உறை சூட்டைத் திருப்பி அனுப்புவதால் வேலை சீக்கிரம் முடிவது உண்மை. ஈரத்தையும் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடும் என்பதும் உண்மை. ஏற்கனவே மடக்குப் பலகை வைத்திருப்பவர் அதைத் தூக்கிப் போட வேண்டாம். உறையையும் ஃபோமையும் கழற்றிவிட்டு, பழைய பருத்திப் போர்வையை இரண்டு மடிப்பாக வெட்டிப் போட்டு, மேலே காடாத் துணியில் (வெளுக்காத பருத்தித் துணி) நாடா கோத்த உறை தைத்து மாட்டினால் பாதிக் குறை தீரும். கால்களின் ஆட்டம் மட்டும் தீராது. உயரத்தைக் கூட்டக் கூட்ட ஆட்டமும் கூடும்.

கம்பளி ஃபெல்ட் விரிப்புக்கு வருவோம். வெளிநாட்டில் போர்வை தைப்பவர்கள் கொண்டாடும் பொருள். அரை அங்குலத் தடிமனில் கெட்டியாக அமுக்கிய ஆட்டு ரோமம். இதன் குணம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது. மேலே பெட்டியை வைத்ததும் கீழே கம்பளி சூடாகி, துணியின் அடிப்பக்கத்துக்குச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கிறது. தையல் ஒரே அழுத்தில் இரண்டு பக்கமும் படிந்துவிடுகிறது. அதன் லேசான சொரசொரப்பு துண்டுகளை நகரவிடாது. வேண்டுமானால் குண்டூசி குத்தித் துண்டை நிறுத்திக்கொள்ளலாம். 17 அங்குலத்துக்கு 13 அங்குலம் போன்ற சிறிய அளவிலேயே ஒரு 12½ அங்குலக் கட்டம் அடங்கிவிடும். மெஷினுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

இது எனக்குப் பிடித்த பொருள். இருந்தாலும் முதல் பலகையாக இதை வாங்கச் சொல்ல மாட்டேன். இறக்குமதியான அசல் கம்பளி விரிப்பு அளவுக்குப் பொருந்தாத விலை. முழுத் துணியைத் தேய்க்க முடியாது. பிளவுஸைத் தேய்க்க முடியாது. நீராவி விட்டால் நனைந்த ஆட்டு வாடை வரும். சிலருக்கு அது பழகிப்போகும், என் வீட்டில் மற்றவர்களுக்குப் பழகவில்லை. ஆவி கம்பளியைத் தாண்டிக் கீழே இறங்கும் என்பதை நான் மேசை கெட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். மைக்கா ஒட்டிய மேசைமேல் ஒரு மாதம் போட்டு வைத்திருந்தேன். விரிப்பின் அளவுக்கே மைக்கா உப்பிக்கொண்டது. விரிப்பை எடுத்து நிமிர்த்தி உலர வைக்காவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசணம் பிடிக்கும். அந்துப்பூச்சியும் வரும்.

ஒரு எச்சரிக்கை. ‘கம்பளி’ என்று விற்பதெல்லாம் கம்பளி அல்ல. மலிவான கம்பளிகள் பழைய துணிகளைப் பிய்த்து மறுபடி நூற்ற நூலால் ஆனவை; அதில் பாலியெஸ்டரும் அக்ரிலிக்கும் கலந்திருக்கும். இஸ்திரிப் பெட்டியில் மூன்று புள்ளிக்கு வைத்தால் சூடு 200 டிகிரியை எட்டும். செயற்கை இழைகள் அந்தச் சூட்டில் இளகி அமுங்கி, பளபளப்பான தழும்பாகிவிடும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும். அது நமக்குச் சம்மதம்.

கடைசியாக, நான் இன்று பயன்படுத்துவது. 4 அடிக்கு 2 அடி பிளைவுட் பலகை. சாப்பாட்டு மேசைமேல் வைத்தால் இஸ்திரி மேசை. வேலை முடிந்தால் பீரோவுக்குப் பின்னால் நிற்கும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவசரத்தில் செய்து ஒரு முறை பிரித்து மறுபடி செய்தேன்.

ஏன் 2 அடி அகலம்? மடித்த துணி 22 அங்குலம். 24 அங்குலப் பலகையில் இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் மிச்சத்தோடு அப்படியே படுத்துக்கொள்ளும். ஏன் 4 அடி நீளம்? அதற்கு மேல் போனால் தனியாகத் தூக்க முடியாது. 18 மி.மீ. பிளைவுட்டில் இந்த அளவு சுமார் 9 கிலோ வரும். 12 மி.மீ. எடுத்தால் 6 கிலோவுக்குள் அடங்கும், ஆனால் ஒரு பக்கம் மட்டும் துணி இழுத்துக் கட்டுவதால் நாளடைவில் வளைகிறது. என்னுடைய முதல் பலகை வளைந்தது. மேசையில் வைத்தால் தொட்டில் மாதிரி ஆடும். மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வாங்கவே வேண்டாம். ஆவி பட்டு ஊறி, ஓரம் ரொட்டி போல உப்பிவிடும். தண்ணீர் தாங்கும் ரகம், ஐ.எஸ். 710 என்று முத்திரை குத்தியது, கிடைத்தால் நல்லது. முழுப் பலகை 8 அடிக்கு 4 அடி. நமக்குத் தேவை அதில் நான்கில் ஒரு பாகம்தான். பிளைவுட் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் சுவரோரம் சாத்தியிருக்கும், அதில் தேடுங்கள். வெட்டிக் கொடுக்கும்போதே நான்கு மூலைகளையும் லேசாக உருட்டிவிடச் சொல்லுங்கள். கூரான மூலை துணியைக் கிழிக்கும், நடக்கும்போது தொடையையும் கிழிக்கும்.

பலகைக்கு மேல் என்ன? பழைய பருத்திப் போர்வை இரண்டு மடிப்பு, அல்லது எரித்துப் பார்த்துத் தேறிய கம்பளி ஒன்று. கட்டை விரலால் அழுத்தினால் மரம் தெரிய வேண்டும், ஆனால் இடிக்கக் கூடாது. அழுந்திய பிறகு 5 மி.மீ. அளவு இருந்தால் சரி. மெத்தைக்குள் வைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு வேண்டாம், அதுவும் உருகும் ஜாதி.

மேலுறைக்குக் காடாத் துணி. பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிகளில் ஓடுவது. எங்கள் ஊரில் மீட்டர் கணக்கில் எளிதாகக் கிடைக்கும். அப்படியே போட்டுக் கட்டிவிடாதீர்கள். நெய்வதற்காகப் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அதில் அப்படியே இருக்கும். அந்தக் கஞ்சி சூட்டில் பழுப்பேறும், பெட்டியின் அடியில் ஒட்டும், அங்கிருந்து உங்கள் நல்ல துணிக்குப் போகும். வெந்நீரில் ஓர் இரவு ஊறப் போட்டு, இரண்டு தண்ணீர் அலசி எடுங்கள். தண்ணீர் மோர் போலக் கலங்கி வரும். துணி அப்போதே சுருங்க வேண்டிய அளவு சுருங்கிவிடும். முக்கால் பாகம் உலர்ந்து, தொட்டால் சில்லென்று இருக்கும் பதத்தில் பலகைமேல் இழுத்துக் கட்ட வேண்டும். மிச்ச ஈரம் உலரும்போது துணி தானாக இறுகி, தட்டினால் தப்பட்டை போலச் சத்தம் கொடுக்கும்.

கட்டும் முறை சோபாக்காரர்கள் செய்வதுதான். பலகையைக் கவிழ்த்து, நீளப் பக்கத்தின் நடுவில் ஒரு ஸ்டேப்பிள், நேர் எதிர்ப்பக்க நடுவில் ஒன்று, பிறகு அகலப் பக்கங்கள். நடுவிலிருந்து மூலை நோக்கி 2 அங்குலத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி அடித்துக்கொண்டு போக வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் துணி கோணலாகிவிடும். மூலையைக் கடைசியில் போர்வை மடிப்பது போல மடித்து அடிக்கலாம். காடாவில் பாவு நூல் பலகையின் நீளத்துக்கு இணையாக ஓடட்டும். அப்படிக் கட்டியதில் எனக்கு ஓர் எதிர்பாராத லாபம்: கிராஸ் பீஸ் வெட்டும்போது நூல் ஓட்டத்தைப் பலகைமேலேயே சரிபார்த்துவிடலாம். சிலர் பென்சிலில் ஒரு அங்குலக் கட்டம் போட்டு வைக்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் கோடு மேல்துணிக்கு ஒட்டாதா என்று ஒரு வெள்ளைத் துண்டில் ஆவி விட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பேனா, ஸ்கெட்ச் எதுவும் கூடாது.

இதற்குமேல், கழற்றித் துவைக்கும்படி தனியாக ஒரு உறை. கழுத்துப் பட்டிக்கும் காலருக்கும் ஒட்டும் கேன்வாஸில் பசை இருக்கிறது. ஒரு துளி மேலுறையில் பட்டால் அடுத்த பட்டுப் பிளவுஸின் முகத்தில் அது வந்து நிற்கும். கேன்வாஸ் ஒட்டும்போது பட்டர் பேப்பர் ஒன்றைக் கீழேயும் மேலேயும் போட்டுக்கொள்வது என் வழக்கம்.

பலகை மேசையில் வழுக்காமல் இருக்க அடியில் நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு ஒட்டியிருக்கிறேன். மேசைக்கு வெளியே மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டிய ஓரத்தில் பெட்டியை நிறுத்தி வைத்தால் தராசுத் தட்டு போலப் பலகை தூக்கிக்கொள்ளும், பெட்டி காலில் விழும். துணி வெட்டும் பச்சை ரப்பர் பாயின்மேல் இந்தப் பலகையை வைக்கலாம். ஆனால் பலகை இல்லாமல் நேராக அந்தப் பாயின்மேல் ஒரு தடவை தேய்த்தால்கூட அது நெளிந்துவிடும், பிறகு நிமிராது.

மொத்தச் செலவு எனக்கு ஒரு சுமாரான மடக்குப் பலகையின் விலையில் பாதியைத் தாண்டவில்லை. போர்வை வீட்டில் இருந்தது. குறைகள் இல்லாமல் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்கு மேசையைக் காலி செய்ய வேண்டும். சட்டைக் கையையும் பாவாடைச் சுற்றையும் இதில் மாட்ட முடியாது. ஆண்களுக்குத் தைக்கும் கடைகளில் இருக்கும் சிறிய கைப் பலகை ஒன்றை மேலே வைத்துக்கொண்டால் அது சரியாகிவிடும். பிளவுஸில் உடல் வளைவுக்காகப் பிடித்துத் தைக்கும் டாட் இருக்கும் வளைவைத் தட்டைப் பலகையில் தேய்த்தால் தட்டையாகவே போய்விடும். அதற்கு, காடாவில் ஒரு சின்னத் தலையணை தைத்து, காய்ந்த மரத்தூளைக் கல் போல இறுக அடைத்து வைத்திருக்கிறேன். வெளுத்த மரத்தின் தூளாகக் கேட்டு வாங்குங்கள். தேக்குத் தூள் ஈரம் பட்டால் மஞ்சளாகக் கசியும்.

இன்னொன்று, யாரும் காசு கொடுத்து வாங்காத பொருள்: கையடக்கமான, வழுவழுப்பான ஒரு மரக்கட்டை. தையலுக்கு ஆவி விட்டதும் பெட்டியை எடுத்துவிட்டு இந்தக் கட்டையை வைத்துப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால், மரம் ஆவியையும் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். தையல் கத்தி போலப் படியும். தடித்த துணியில் நான்கு தையல் கூடும் இடத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எந்தப் பலகையானாலும் உயரம் சரியில்லை என்றால் வீண். சாப்பாட்டு மேசை சுமார் 30 அங்குலம். உட்கார்ந்து சாப்பிட அது பொருத்தம், நின்று தேய்த்தால் அரை மணியில் இடுப்பு பேசும். கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால், முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே பலகை இருக்க வேண்டும். அளவு நாடா வேண்டாம் என்றால் சமையல் மேடையில் போய் நின்று பாருங்கள். சப்பாத்தி தேய்க்கும்போது தோள் ஏறாமல், முதுகு வளையாமல் இருந்தால் அதுதான் உங்கள் உயரம். நான் மேசைக் கால்களுக்கு அடியில் ஆசாரியிடம் வாங்கிய, நடுவில் குழி தோண்டிய நான்கு கட்டைகளைச் செருகி, 4 அங்குலம் உயர்த்தியிருக்கிறேன். குழி அவசியம், வெறும் கட்டையில் கால் நழுவும்.

உட்கார்ந்தபடியே மெஷினிலிருந்து திரும்பி அழுத்த நினைப்பவர்களுக்கு மெஷின் மேசையின் உயரமே போதும். அங்கேதான் சின்னக் கம்பளி விரிப்பு அருமையாகப் பயன்படுகிறது. எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. எழுந்து நடக்க ஒரு சாக்கு இருந்த வரையில் என் கால் வீங்கவில்லை.

பலகையை எங்கே போடுவது என்பதை உங்கள் விருப்பத்தைவிட மின்சாரப் பிளக்தான் அதிகம் தீர்மானிக்கும். 1000 வாட் சாதாரணப் பெட்டி 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் இழுக்கும். கூடத்தில் இருக்கும் சின்ன 6 ஆம்பியர் பிளக் அதைத் தாங்கிவிடும். 1600 வாட் நீராவிப் பெட்டி 7 ஆம்பியரை இழுக்கும், 2000 வாட் கிட்டத்தட்ட 9. இவற்றுக்கு 16 ஆம்பியர் பெரிய பிளக் வேண்டும். அது பெரும்பாலான வீடுகளில் சமையலறையிலும் குளியலறைப் பக்கத்திலும் ஏ.சி.க்கு அருகிலும்தான் இருக்கும். மெல்லிய ஒயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மெஷின், விளக்கு, இஸ்திரி மூன்றையும் மாட்டிவிட்டு ஒயரைத் தொட்டுப் பாருங்கள், சுடும். என் மேசை ஜன்னலை விட்டு ஏ.சி. பிளக்குக்குக் கீழே போனது அதனால்தான். பகல் வெளிச்சம் போயிற்று. வலது கைக்காரர்கள் ஒயர் வலப்பக்கமிருந்து வரும்படி மேசையைப் போட்டால், தைத்த துண்டின்மேல் அது உரசாது.

ஆக, பிளவுஸும் சுடிதாரும் மட்டும் தைப்பவர் என்றால் மடக்குப் பலகையை வாங்குங்கள். மூன்று கடை ஏறி, முழு உயரத்துக்கு நிறுத்தி, ஆட்டிப் பார்த்து, ஆட்டம் குறைந்ததை வாங்கி, உறையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். போர்வை, திரைச்சீலை, மேசை விரிப்பு, பை என்று தட்டையான வேலை செய்பவருக்கு பிளைவுட் பலகைதான். யோசிக்க ஒன்றும் இல்லை. ஒரே அறையில் குடியிருந்து, மேசையே இல்லாதவர் மடக்குப் பலகையை வாங்கி, அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட்டில் 3 அடிக்கு 2 அடியில் ஒரு தட்டைச் செய்து கவிழ்க்கலாம். அடியில் பலகையின் இரு விளிம்பையும் கவ்வும்படி இரண்டு ரீப்பர் கட்டை அடித்தால் நகராது. பிளவுஸுக்கு எடுத்துவிடலாம், போர்வைக்கு மாட்டிக்கொள்ளலாம். கம்பளி விரிப்பு இவற்றில் எதற்கும் மாற்று அல்ல. கையில் காசு மிஞ்சும்போது மெஷினுக்குப் பக்கத்தில் போட ஒன்று வாங்கலாம். கட்டங்களைத் தைக்கும் வேகம் தெரியும்படி கூடும்.

என் பலகையின் இடது மூலையில் பெட்டியின் முக்கோணம் பழுப்பாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. தொலைபேசி அடித்த ஒரு நாளின் தடம் அது. மேலுறையை மாற்ற வேண்டும்: 48 அங்குலத்துக்கு இரண்டு பக்கமும் நான்கு நான்கு சேர்த்து 56, அகலத்துக்கு 32. ஒன்றரை மீட்டர் காடா வாங்கி நேற்றே ஊறப் போட்டுவிட்டேன். வாளியில் கஞ்சி இன்னும் பிரிந்துகொண்டிருக்கிறது.